காட்டுப் பயணத்துக்கு அவசரப் பை: எதை எடுப்பது, யார் சுமப்பது?

பெருநாள் விடுமுறையும் கோடை விடுமுறையும் வந்தால் நமது குடும்பங்கள் மலைப் பக்கம் கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் விடுதியில் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவோம். இன்றைய பிள்ளைகளோ கூடாரம் அடித்துத் தங்க வேண்டும், காட்டுப் பாதையில் நடக்க வேண்டும் என்கிறார்கள். ஜமாஅத் இளைஞர்களும் குழுவாகச் செல்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பயணத்துக்கு முந்தைய இரவு பிரியாணி தேக்சா, மசாலா டப்பா, பாய், தலையணை என்று எல்லாவற்றையும் எண்ணி வைக்கும் நாம், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கவில்லை என்பதை மலையடிவாரத்தில்தான் நினைக்கிறோம்.

அவசரப் பை என்பது திட்டமிடாத ஓர் இரவுக்கானது. கால் பிசகி ஒருவர் நடக்க முடியாமல் போகலாம். பனிமூட்டத்தில் பாதை தவறலாம். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலை மழையில் இடுப்பளவு பெருகிக் கடக்க முடியாததாகலாம். இப்படி ஏதாவது ஒன்று நடந்தால் மாலை 5 மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள் மறுநாள் காலைவரை காட்டில் இருக்க நேரிடும். அந்த 12 மணி நேரத்தைக் கடக்க உதவும் பொருட்களே அந்தப் பையில் இருக்க வேண்டும்.

இதில் நாம் செய்யும் பெரிய பிழை, எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அடைத்து வலுவான ஒருவர் தோளில் மாட்டிவிடுவது. சில வேளைகளில் அந்தப் பை வேனிலேயே கிடக்கிறது. பாதை தவறுபவர் பெரும்பாலும் பை இல்லாதவர்தான்: பின்தங்கிய சிறுவன், இயற்கைத் தேவைக்காக ஒதுங்கிய பெரியவர், படம் எடுக்க முன்னால் ஓடிய தம்பி. ஆகவே அடிப்படைப் பொருட்கள் ஒவ்வொருவரின் உடம்போடும் இருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் சிறு பை போதும். அதில் ஒரு விசில், ஒரு சிறிய டார்ச், மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ள ஒரு பெரிய பாலித்தீன் விரிப்பு, கைப்பிடி பேரீச்சம்பழம் அல்லது கடலை மிட்டாய், வீட்டு எண்ணும் இரத்த வகையும் எழுதிய ஒரு சீட்டு. தண்ணீர் பாட்டில் தனியாகத் தோளில். 7 வயதுப் பிள்ளையும் இதைச் சுமக்க முடியும்.

விசிலை அற்பமாக நினைக்க வேண்டாம். கத்திக் கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசில் ஊத மூச்சு இருந்தால் போதும், சத்தமும் தொலைவுக்குக் கேட்கும். இடைவெளி விட்டு மூன்று மூன்று முறையாக ஊதுவது ஆபத்துக்கான அடையாளம். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே பழக்க வேண்டும். வழி தெரியாமல் போனால் ஓடக்கூடாது, ஒரு மரத்தடியில் நின்று ஊத வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேடுபவர்களுக்கு, ஓரிடத்தில் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதை விட எளிது.

குளிரை நம்மவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதோடு மழையில் நனைந்து, காற்றும் அடித்தால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உடல் விறைத்துப்போகும். நனைந்த பருத்தி உடை சூட்டைக் காக்காது; கம்பளி ஓரளவு காக்கும். எனவே மாற்று உடை ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் வைக்க வேண்டும். வெள்ளித்தாள் போல மடித்து விற்கும் அவசரப் போர்வை கையளவுதான் இருக்கும். உடல் சூட்டைத் திருப்பி உடலுக்கே அனுப்பும். குழுவில் இரண்டு இருந்தால் நல்லது. தரையின் குளிர் உடம்பில் ஏறாமலிருக்கப் பையின் மேலோ காய்ந்த சருகின் மேலோ உட்கார வேண்டும்.

சகோதரிகளின் உடை பற்றியும் சொல்லியாக வேண்டும். தரையைத் தொடும் அபாயா சரிவுகளில் காலைத் தடுக்கும், முள்ளில் மாட்டும். பாலியஸ்டர் துணி அடுப்புத் தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். தளர்வான பேன்ட், முழங்காலுக்குக் கீழ் வரும் நீண்ட மேலுடை, ஊசியால் நன்கு குத்திய ஹிஜாப், பிடிப்புள்ள ஷூ ஆகியவற்றில் மறைவும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது.

பெரியவர் ஒருவர் வெயிலில் ஒருநாள் நடக்கக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. நன்கு கொதிக்க வைக்க வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில் போட்டுக் கலக்கினால் போதும்.

இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். கையில் இருக்கும் நீர் தனக்கோ உடன் வருபவருக்கோ குடிக்கத் தேவை என்றால், உளூவுக்குச் செலவிடாமல் தயம்மும் செய்ய நான்கு மத்ஹபுகளும் அனுமதிக்கின்றன. "தண்ணீர் இருக்கிறதே" என்று இருப்பதையெல்லாம் உளூச் செய்து தீர்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தாகத்தில் விடுவது பேணுதல் அல்ல. ஹனஃபி சகோதரர்களுக்குச் சுத்தமான பாறையே தயம்முமுக்குப் போதும். ஷாஃபிஈ சகோதரர்களுக்குத் தூசியுள்ள மண் வேண்டும். ஈரக் காட்டில் அது கிடைப்பது கடினம். உலர்ந்த சுத்தமான மண்ணை ஒரு சிறு பையில் கட்டி எடுத்துச் செல்லலாம். செல்போன் அணைந்துவிட்டால் கிப்லா தெரியாது என்பதால் காந்தத் திசைகாட்டி ஒன்றும் வேண்டும். நம் ஊர்களுக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே. வழி தவறினாலும் அதே திசைகாட்டிதான் உதவும்.

மருந்துப் பெட்டியில் அழுத்திக் கட்டும் துணி, கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதல் மருந்தைத் தங்கள் இடுப்புப் பையிலேயே வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவரிடம் குளுக்கோஸும் இருக்க வேண்டும்.

பாம்புக்கடிக்கென்று விற்கும் உறிஞ்சு கருவிகளை வாங்க வேண்டாம். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாமே கேடு. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ கம்பு வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் சென்று அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே ஆனது. எனவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112.

ஆங்கிலத்தில் கிடைக்கும் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. அவற்றில் செயற்கைக்கோள் தகவல் கருவியைக் கட்டாயம் என்பார்கள். இந்தியாவில் அரசின் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவந்துவிடக் கூடாது. தீ மூட்டும் சாதனங்களையும் அந்தப் பட்டியல்கள் முதன்மையாகச் சொல்லும். இங்கே காப்புக் காடுகளில் தீ மூட்டத் தடை இருக்கிறது. அனுமதியின்றி நுழைவதும் குற்றம். அனுமதி பெற்ற முகாம் இடங்களில் மட்டுமே சமைக்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ பரவும்போது எந்தப் பையாலும் பெரிய பயன் இல்லை. கோடையில் வனத்துறை பாதைகளை மூடுவது அதனால்தான். மூடிய பாதைக்கு "தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று குறுக்கு வழி தேடும் நம் பழக்கத்தை இந்த விஷயத்தில் கட்டாயம் விட வேண்டும்.

பயணத்தில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நபிவழி. காட்டுப் பயணத்தில் அவருக்கு வேலை அதிகம். கிளம்புமுன் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பதும், கடைசி ஆளாக யார் வருவது என்று முடிவு செய்வதும், வானம் கறுத்தால் திரும்பிவிடச் சொல்வதும் அவர் பொறுப்பு. வயதை மட்டும் பார்க்காமல் பாதையும் முதலுதவியும் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிளம்பும் முன் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கிறது, வழிகாட்டியின் எண், அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண். அதோடு ஒரு நேரமும்: "இரவு 8 மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்கும் 112-க்கும் பேசுங்கள்." மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் செல்போனை விமான நிலையில் போட்டு பேட்டரியைச் சேமித்துக்கொண்டு, இறங்கியதும் முதல் வேலையாக அவரை அழைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வனத்துறையினர் நம்மைத் தேடி மலையேறிக்கொண்டிருப்பார்கள்.