அழுகிற போலீஸ்காரரும் அழாத வழக்கறிஞரும்

திரையரங்கில் நகைச்சுவைப் படம் ஓடுகிறது. சுற்றிலும் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நடுவே ஓர் இளம் போலீஸ்காரர் மட்டும் விம்மி விம்மி அழுதுகொண்டிருக்கிறார். அவர் நேசித்த பெண் அவருடன் சேர்ந்து பார்க்க எடுத்து வைத்திருந்த டிக்கெட் அது. அதைக் கையில் கொடுப்பதற்குள் அவளைத் தொடர் கொலைகாரன் கொன்றுவிட்டான். 'சிக்னல்' என்ற கொரியத் தொடரில் வழக்கு விவரங்களெல்லாம் மறந்துபோன பின்னும் இந்தக் காட்சி மறக்காது.

'ஸ்ட்ரேஞ்சர்' தொடரின் நாயகனுக்கு அப்படி அழ வராது. அரசு வழக்கறிஞரான ஹ்வாங் ஷி-மோக் சிறுவயதில் நடந்த மூளை அறுவை சிகிச்சையில் உணர்ச்சிகளைப் பெரும்பாலும் இழந்தவர். விசாரணைக்காக ஒருவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே அந்த மனிதர் கொலையாகிக் கிடக்கிறார். ஷி-மோக் திடுக்கிடவில்லை, அறையை நோட்டமிடத் தொடங்குகிறார்.

இரண்டும் டிவிஎன் அலைவரிசையில் 16 எபிசோடுகளாக வந்தவை. 'சிக்னல்' 2016 தொடக்கத்தில், 'ஸ்ட்ரேஞ்சர்' 2017 ஜூன், ஜூலையில். கொரிய க்ரைம் தொடர்களுக்கு இங்கே கூட்டம் சேருவது ரத்தத்துக்காகவும் மழை பெய்யும் இருட்டுச் சந்துகளுக்காகவும்தான் என்று பலர் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

'சிக்னல்' ஒரு மாயத்தில் தொடங்குகிறது. இரவு 11:23க்குப் பழைய வாக்கி-டாக்கி ஒன்று உயிர் பெறுகிறது. 2015-ல் இருக்கும் பார்க் ஹே-யங் என்ற போலீஸ் அதிகாரியிடம் கடந்த காலத்திலிருந்து லீ ஜே-ஹான், திரையரங்கில் அழுத அதே போலீஸ்காரர், பேசுகிறார். எழுதிய கிம் உன்-ஹீ இந்த மாயத்தை உண்மை வழக்குகளின் மேல் கட்டினார். தொடரில் வரும் கியோங்கி தெற்குக் கொலைகள், 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங்கில் 10 பெண்கள் கொல்லப்பட்டதன் நிழல். போங் ஜூன்-ஹோ 2003-ல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எடுத்ததும் அதே வழக்கை வைத்துத்தான். அப்போதும் கொலையாளி சிக்கியிருக்கவில்லை, 'சிக்னல்' வந்தபோதும் சிக்கியிருக்கவில்லை. பார்த்த கொரியர்களுக்கு அது வெறும் கதை இல்லை. தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயந்து பேசிய விஷயம்.

முதல் வழக்கிலேயே சட்டம் கழுத்தில் கத்தியாக நிற்கிறது. கொலைக் குற்றத்துக்கும் காலவரம்பு உண்டு, அது முடிந்தால் வழக்குத் தொடர முடியாது என்ற நிலை கொரியாவில் 2015 ஜூலை வரை இருந்தது. பிறகுதான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. குற்றவாளி யாரென்று தெரிந்தும் கடிகார முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய அந்த நிமிடங்களை இயக்குநர் கிம் வோன்-சோக் இழுத்து, இழுத்து நம்மை வதைக்கிறார். கிம் ஹே-சூ நடித்த போலீஸ் அதிகாரி சா சூ-ஹ்யுன் அங்கே பெரிதாக எதுவும் பேசவில்லை, பேச வேண்டியும் இல்லை.

ஆனால் கடந்த காலத்தைத் திருத்தினால் நிகழ்காலம் கூலி கேட்கிறது. பெருந்திருட்டு வழக்கில் வாக்கி-டாக்கி வழியே கொடுத்த ஒரு தகவலால் குற்றமற்ற ஒருவர் மகளின் கண்ணெதிரே கைதாகிறார். பாலம் இடிந்த விபத்தில் அந்த மகளே செத்துப்போகிறாள். 1994 அக்டோபரில் சியோலில் சோங்சு பாலம் இடிந்து 32 பேர் இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த எபிசோடை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

'ஸ்ட்ரேஞ்சர்' பக்கம் வந்தால் மாயம் எதுவும் கிடையாது. வரும் இடமெல்லாம் அலுவலக அறை, கோப்பு, சாப்பாட்டு மேசை. நம் ஊர் அரசு வழக்கறிஞரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் இரண்டு எபிசோடு குழப்பும். தொடர் வந்த காலத்தில் கொரியாவில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடுபவர் மட்டுமல்லர். புலனாய்வையும் அவரே நடத்த முடிந்தது, வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதும் அவர் கையில் இருந்தது. அத்தனை அதிகாரம் குவிந்த இடத்தில் யார் யாருக்கு விருந்து வைத்தார்கள் என்பதே கதை. ஷி-மோக் பிணமாகக் கண்ட அந்த மனிதர், வழக்கறிஞர்களுக்குப் பணமும் சுகமும் ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிலதிபர். அவரிடம் வாங்கியவர்களே அவர் சாவை விசாரிக்கிறார்கள். தொடங்கும்போது யாரும் கோடி கேட்பதில்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வேறொருவர் பணம் கட்டுகிறார், அவ்வளவுதான். லீ சூ-யோனின் முதல் தொடர் இது என்பதை நம்புவது கடினம்.

தொழிலதிபர் வீட்டுக்குக் கேபிள் பழுது பார்க்க வந்தவரைப் பிடித்து, கார் கேமராப் பதிவைக் காட்டித் தண்டனை வாங்கித் தருகிறார்கள். தான் நிரபராதி என்று எழுதிவைத்துவிட்டு அவர் சிறையில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். ஷி-மோக் மனம் உடைவதில்லை. தொலைக்காட்சியில் உட்கார்ந்து தவறை ஒப்புக்கொண்டு, இரண்டு மாதத்தில் கொலையாளியைப் பிடிப்பதாகக் கெடு வைக்கிறார். கூடவே பே டூ-னா நடித்த போலீஸ் அதிகாரி ஹான் யோ-ஜின். கொலையானவரின் வயதான தாய்க்குத் தன் மொட்டைமாடி வீட்டில் இடம் கொடுப்பவர். உணர்ச்சியை இந்தத் தொடர் இவரிடம் மட்டும், அதுவும் அளவாகக் கொடுத்து வைத்திருக்கிறது.

இப்போது ஒரு முரண் தெரிகிறது. நெஞ்சை உருக்கும் 'சிக்னல்'தான் உள்ளூர நம்பிக்கையற்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டுமானால் காலத்தையே வளைக்க வேண்டும் என்கிறது அது. இருக்கிற காவல்துறை போதாது, சட்டம் போதாது. குளிர்ந்த முகத்தோடு இருக்கும் 'ஸ்ட்ரேஞ்சர்' கேட்பது அவ்வளவு பெரிதில்லை: விருந்துக்குப் போகாத ஒரு வழக்கறிஞர், கேள்வி கேட்பதை நிறுத்தாத ஒரு போலீஸ் அதிகாரி. பதவியிலிருந்த அதிபர் பார்க் கன்-ஹேவை 2017 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. அடுத்த மூன்றே மாதத்தில் இந்தத் தொடர் வந்தது. பார்த்தவர்களுக்கு, நேர்மையான சிலர் போதும் என்ற நம்பிக்கை அப்போது அபத்தமாகப் பட்டிருக்காது.

2019-ல் ஹ்வாசோங் கொலையாளி யாரென்று தெரிந்தது. வாக்கி-டாக்கியால் அல்ல, பாதுகாத்து வைத்திருந்த உடைகளில் செய்த மரபணுச் சோதனையால். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன் அவன். காலவரம்பு எப்போதோ முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்காக அவன்மேல் வழக்குப் போட முடியவில்லை. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் 20 ஆண்டுகள் சிறையிருந்த வேறொருவரை 2020 டிசம்பரில் நீதிமன்றம் நிரபராதி என்றது. 'சிக்னல்' பார்த்தவர்களுக்குக் காலவரம்பும், 'ஸ்ட்ரேஞ்சர்' பார்த்தவர்களுக்குக் கேபிள்காரரும் ஞாபகம் வந்திருக்கும்.

குறைகளும் உண்டு. 'சிக்னல்' கடைசி இரண்டு எபிசோடுகளில் தன் கால விதிகளைத் தானே சிக்கலாக்கிக்கொண்டு, முடிச்சை அவிழ்க்காமல் நழுவுகிறது. 'ஸ்ட்ரேஞ்சர்' பெயர்களையும் பதவிகளையும் வாரி இறைத்துத் தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கிறது. 2020-ல் வந்த இரண்டாம் பாகம் காவல்துறைக்கும் வழக்கறிஞர் துறைக்கும் இடையிலான புலனாய்வு உரிமைச் சண்டையை எடுத்துக்கொண்டு, பல இடங்களில் கூட்டக் குறிப்பு வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் 'ஸ்ட்ரேஞ்சர்' முதல் பாகத்தைச் சொல்வேன். நான்காம் எபிசோடு வரை தாக்குப்பிடியுங்கள். யூ ஜே-ம்யுங் நடித்த மூத்த வழக்கறிஞர் லீ சாங்-ஜூன் வரும் காட்சிகளில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.