குருதிநீரும் தசை வளர்ச்சியும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வழியிலே, பாலாவிப் பக்கத்து உப்பளங்களைக் காணாதார் அரியர். பாத்தியில் நீர் நிறைந்திருக்கும்வரை உப்பு விளைவதில்லை. வெயிலில் நீர் வற்றிய பின்னரே விளையும். அதற்கு முன்னரே ஜிப்சம் படியும். மகனீசிய உப்புக்கள் இறுதியில் எஞ்சும். ஒரே நீராகத் தோன்றுவது பலவற்றின் கலவையே. சீரம் எனப்படும் குருதிநீரும் இத்தகையதே என்பதை அறிஞர் தெளிவதற்கு ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

1883இல் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். குழாய்நீரில் ஆக்கிய கரைசலிலே துடித்த இதயம், காய்ச்சி வடித்த நீரில் ஆக்கிய கரைசலிலே ஓய்ந்தது. குழாய்நீரிற் கலந்திருந்த கல்சியமே துடிப்புக்குக் காரணம் எனக் கண்டார். தசை சிலகாலம் துடிப்பதற்கு உப்புக்கள் போதும்; வளர்வதற்கோ அவை போதா.

1912இல் நியூயோர்க்கிலே அலெக்சிஸ் கரெல், கோழி முளையத்தின் இதயத் துண்டொன்றைக் குருதித் திரவத்தில் இட்டு, பின்னர் முளையச் சாறும் ஊட்டினார். அவ்வளர்ப்பு 1946 வரை பேணப்பட்டது. எனினும் அதிற் பெருகி நின்றவை தசைக்கலங்கள் அல்ல, தொடுப்பிழையக் கலங்களே. கலங்கள் சாவாதன என்ற அவர் கொள்கையையும் 1961இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் ஆகியோரின் ஆய்வு தகர்த்தது. நோபெல் பரிசு பெற்றார் கூற்றாயினும் சோதனைக்கு உட்பட்டதே.

1963இல் கொனிக்ஸ்பேர்க், தனியொரு கலத்தின் வழித்தோன்றல்கள் ஒன்றிணைந்து பல கருக்கள் கொண்ட தசைநாராதலைக் காட்டினார். 1977இல் யாபியும் சாக்செலும் சுண்டெலித் தசையிலிருந்து நிலையான கலவழியொன்றைப் பெற்றனர். இன்றும் அதன் வழிவந்த கலங்களுக்கு நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை கன்று முளையக் குருதிநீர் ஊட்டினால், அவை பிரிந்து பெருகிக்கொண்டேயிருக்கும். அதனை நீக்கி, குதிரைக் குருதிநீர் இரண்டு பங்கு மட்டும் அளித்தால், சில நாட்களில் அவை பெருக்கத்தை விட்டுத் தசைநாராக வியத்தமடையும்.

இதன் காரணம் 1980களிற் புலனாயிற்று. குருதிநீரிலுள்ள சில வளர்ச்சிக் காரணிகள் கலப்பிரிவைத் தூண்டி, வியத்தத்தைத் தடுக்கின்றன. இன்சுலினை ஒத்த காரணிகளோ இரண்டனையும் ஊக்குகின்றன. எனவே குருதிநீர் வெறும் உணவன்று, கட்டளைகளின் தொகுதியுமாம். அதனை ஒரே பொருளாக எண்ணிய காலமெல்லாம் ஊட்டுவதையே அறிந்தோம். பகுத்து நோக்கிய பின்னரே தசை உருவாகும் முறையை அறிந்தோம். நீர் வற்றியபின் உப்பு விளைதல்போல, ஊட்டம் குறைந்தபின்னரே கலம் தசையாகின்றது.