நோயுடன் கடல் கடந்தோர்: மலாயாவிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர் வரலாறு



தமிழர் இந்நாடுகளுக்கு வந்த வரலாற்றை நாம் பலமுறை பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். எந்தக் கப்பலில் வந்தனர், எந்தத் துறையில் இறங்கினர், எந்தத் தோட்டத்திற்குப் பிரிந்து சென்றனர் என்பவற்றை ஓரளவு அறிவோம். வந்த கப்பலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் திரும்பிய கப்பலைப் பற்றி எழுதப்படவில்லை. அதிலும், நோயுற்றும் உடல் தளர்ந்தும் திரும்பியவர்களைப் பற்றி நம்மிடையே உள்ள பதிவுகள் மிகக் குறைவு. வேலை செய்யும் வலிமையோடு கடல் கடந்து வந்த ஒருவர், அந்த வலிமையை இழந்தபோது அவரை ஊர் சேர்க்கும் பொறுப்பு யாருடையது? இந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்வுரையில் திரும்பிப் பார்க்க முயல்வோம்.

ஒப்பந்தக் காலம்

பினாங்கில் ஆங்கிலேயர் 1786ஆம் ஆண்டு குடியேற்றத்தை நிறுவியது முதல் தென்னிந்தியர் வரத்து தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, ஒப்பந்தத் தொழிலாளர் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். சஞ்சிக்கூலி என்று நம் முன்னோர் வழங்கிய முறை அதுவே. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பற்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். இந்தக் குறுகிய தொலைவு தொழிலாளருக்கு நன்மையாக இருந்திருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். நடந்தது வேறு.

பீஜித் தீவுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர், பத்தாண்டுகள் அங்கிருந்தபின் அரசு செலவில் திரும்பலாம் என்ற உறுதியைப் பெற்றிருந்தனர். மலாயாவுக்கு வந்தோருக்கு அத்தகைய உறுதி இருக்கவில்லை. ஊர் அருகில்தான் இருக்கிறது, வேண்டியவர் தம் கைப்பொருளைக் கொண்டே திரும்பலாம் என்பது ஆட்சியாளர் கண்ட நியாயம். உடல்நலத்தோடு உழைத்துச் சிறிது சேமித்தவருக்கு அந்த நியாயம் பொருந்தும். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் விழுந்து, முன்பணக் கடனையும் அடைக்க இயலாமல் கிடந்தவருக்கு ஒரு வாரத் தொலைவும் கடக்க முடியாத தொலைவாயிற்று.

காடழிப்பும் காய்ச்சலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. காடுகள் வெட்டப்பட்டன, நிலம் புரட்டப்பட்டது, ஓடைகள் தடைப்பட்டன. கொசுக்கள் பெருகின. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் தோட்டத் தொழிலாளரை வாட்டின. 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமே, இன்றைய கிள்ளான் துறைமுகமே, மலேரியாவால் மூடப்படும் நிலைக்கு வந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து, புதர்களை அகற்றிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். நோய்க்குக் காரணம் தொழிலாளரின் உடல்வாகோ பழக்கமோ மட்டுமன்று, நிலத்தைக் கையாண்ட முறையும் ஆகும் என்பதை அந்த வடிகால்கள் மெய்ப்பித்தன.

இந்த உண்மை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. நோய் ஊரிலிருந்து வந்ததென்றால், நோயாளியை ஊருக்கு அனுப்புவது இரக்கச் செயல். நோய் தோட்டத்தில் பிறந்ததென்றால், அவரைக் குணப்படுத்துவதும் பாதுகாப்பாக ஊர் சேர்ப்பதும் தோட்டத்தின் கடமை. இரக்கத்திற்கும் கடமைக்கும் இடையிலான இந்த வழக்கே பின்வந்த சட்டங்கள் அனைத்திலும் மறைந்து நிற்கிறது.

நிதியும் சட்டமும்

1907ஆம் ஆண்டு தமிழர் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்டது. பின்னர் இது இந்தியர் குடிவரவு நிதி என்று வழங்கலாயிற்று. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிமார் ஒவ்வொருவரும், தம்மிடம் வேலை செய்த ஆட்களின் கணக்கிற்கேற்ப இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் அமைந்த முகாம்கள், கப்பற்கட்டணம், துறைமுகங்களில் நோய்த்தடுப்புத் தங்கல் ஆகியவை இந்நிதியைக் கொண்டு நடந்தன. ஆள் கொண்டுவரும் நோக்கத்தோடு தோன்றிய இதே நிதி, காலப்போக்கில் நோயுற்றோரையும் உடல் தளர்ந்தோரையும் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்றது. அவ்வாறு தளர்ந்தோர் தங்குவதற்கென ஓர் இல்லமும் கோலாலம்பூரில் நடத்தப்பட்டது.

1910ஆம் ஆண்டு சஞ்சிமுறைக்கு முடிவு கட்டப்பட்டது. கங்காணி முறை மேலோங்கியது. பிறகு இந்திய அரசு 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. அதையொட்டி மலாயாவுக்கென வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்று நாம் நினைவில் கொள்ளத்தக்கது. உதவி பெற்று வந்த தொழிலாளர் ஒருவர், வந்து ஓராண்டுக்குள், உடல்நலக் குறைவாலோ, வேலை தம் உடலுக்கு ஒவ்வாமையாலோ, முறையற்ற நடத்தையாலோ ஊர் திரும்ப விரும்பினால், கட்டணமின்றித் திருப்பி அனுப்பப்பட வேண்டும். அதன் பொருட்டு முறையிட, இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். நோயாளி ஊர் திரும்புவது, முதன்முறையாக, கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக ஏட்டில் இடம்பெற்றது.

ஏட்டிலிருந்த உரிமை லயத்தை எட்டியதா என்பது தனிக் கேள்வி. தோட்டத்தில் நோயாளியை முதலில் பார்ப்பவர் டிரசர். வேலைக்குத் தகுதியுண்டா இல்லையா என்று சொல்பவரும் பெரும்பாலும் அவரே. அவருக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை. எழுத்தறியாத ஒருவர் இவர்களைக் கடந்து கோலாலம்பூரிலிருந்த முகவருக்கு மனு அனுப்ப வேண்டுமாயின், எழுதித் தர ஒருவரும் அஞ்சல் சேர்க்க ஒருவரும் தேவை. ஓராண்டு என்ற எல்லையும் இடித்தது. இளமையில் வந்து இருபதாண்டு பால்மரம் சீவி, நெஞ்சும் முழங்காலும் தேய்ந்தவருக்கு அவ்விதியில் இடமில்லை. அவர் அதிகாரிகளின் அருளை நம்பியே இருக்க வேண்டியிருந்தது.

திரும்பிய கப்பல்

பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் ரஜுலா, ரோணா ஆகிய இரு கப்பல்களும் 1926ஆம் ஆண்டு கட்டப்பட்டவை. மேல்தளப் பயணிகளாக மட்டும் சுமார் 5,000 பேரை ஏற்றிச் செல்லும் வசதி அவற்றுக்கு இருந்தது. வசதி என்பது கணக்கில் மட்டுமே. மேல்தளப் பயணி என்றால் கட்டிலில்லை, அறையில்லை; பாயும் போர்வையும் அவரவருடையவை. உடல்நலத்தோடு இருப்பவரே கடற்கொந்தளிப்பில் சோர்ந்து விழும் அந்தத் தளத்தில், காசநோய்க்காரரும் கால் இழந்தவரும் ஒரு வாரம் கிடந்து செல்வதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். துணைக்கு உறவினர் உள்ளவர் தண்ணீரேனும் கேட்டுக் குடிப்பார். தனியாளாய் வந்து தனியாளாய்த் திரும்பியவருக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவரே உறவினர்.

1930ஆம் ஆண்டு ரப்பர் விலை சரிந்து, ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை இழந்தோரும் நோயுற்றோரும் முதியோரும் அக்கப்பல்களில் ஒன்றாகச் சென்றனர். 1934இல் விலை தேறியதும் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கிற்று. வலிமை உள்ளோரே மீண்டும் அழைக்கப்பட்டனர். தாயகம் அனுப்புதல் என்ற சொல்லுக்கு இருந்த இரு முகங்களும் அந்த நான்காண்டுகளில் ஒருங்கே தெரிந்தன. பசியில் கிடந்தவரை உறவினரிடம் சேர்த்தது ஒரு முகம். தேவை முடிந்ததும் சுமையை இறக்கி வைத்தது மற்றொரு முகம். பெற்றவர் அனுபவத்தில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் ஓர் அளவுகோல் உண்டு. போகும் காலத்தைத் தேர்ந்தவர் நோயாளியா, பிறரா என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

ரயில்பாதையிலிருந்து மீண்டவர்கள்

ஜப்பானியர் ஆட்சியில் இந்த வரலாறு தலைகீழாயிற்று. சயாம், பர்மா நாடுகளை இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில்பாதை அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. போர்க் கைதிகளுடன் அவர்தம் படை மருத்துவர்களேனும் இருந்தனர். நம் தொழிலாளருக்குப் பெரும்பாலான முகாம்களில் அதுவும் இல்லை. இறந்தவர் எத்தனை பேர் என்பதற்கு முழுமையான பெயர்ப் பட்டியல் இன்றுவரை இல்லை.

போர் முடிந்தபின் எஞ்சியோரை மீட்டுக் கொணரும் பணி 1945, 1946ஆம் ஆண்டுகளில் நடந்தது. ஆறாத கால்புண்ணோடும் மலேரியாவோடும் வந்த அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் திரும்பியது பேராக்கிலும் சிலாங்கூரிலும் இருந்த தம் லயங்களுக்கு. அங்கேயே மனைவி மக்கள் இருந்தனர். அங்கேயே அவர்களைத் தேடுவோர் இருந்தனர். 1946 மார்ச்சில் நேரு மலாயாவுக்கு வந்து சென்றார். அவ்வாண்டிலேயே இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவும் வந்தது. நோயாளியைத் தாயகத்திற்கு அழைக்கும் வழக்கத்திற்கு மாறாக, தாயகத்திலிருந்து மருத்துவர் நோயாளியை நாடி வந்தனர். ஊர் என்ற சொல்லின் பொருள் இடம் மாறிவிட்டதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டமும் காட்டவில்லை.

வானூர்திக் காலம்

கப்பற்காலம் 1980களில் முடிவுற்றது. சிதம்பரம் கப்பலில் தீ மூண்டபின், சென்னைக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையே நடந்த பயணிகள் சேவை நின்றது. ஒரு வாரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. நோயாளிக்கு இது பெரும்பேறு. ஆயினும் வானூர்திக்கும் தனக்கே உரிய இடர்கள் உண்டு. பறக்கும்போது உள்ளறைக் காற்றழுத்தம், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு நிகராகக் குறையக்கூடும். உடலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்களவு விரியும். அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவரும், நெஞ்சுக்கூட்டில் காற்றுப் புகுந்தவரும் காலம் பாராமல் பறந்தால் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆகவேதான் விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கின்றன. படுத்தே செல்ல வேண்டியவருக்குப் பல இருக்கைகளை மடக்கித் தூக்குப்படுக்கை அமைக்கின்றன. உடன் செல்ல மருத்துவரையோ தாதியரையோ வேண்டுகின்றன. அத்தனை இருக்கைக்கும் கட்டணம் உண்டு.

அக்கட்டணத்தை யார் செலுத்துவது என்ற இடத்தில் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிவோரின் மருத்துவச் செலவும் ஊர் திரும்பும் செலவும் முதலாளியைச் சாரும் என்பது சட்டம். அவர்களுக்கான மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு வரம்பு 15,000 வெள்ளியாக இருந்து, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் வேலையிடப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். 1907ஆம் ஆண்டு நிதியோடு ஒப்பிட்டால் இவை பெரும் முன்னேற்றமே. அந்தப் பழைய நிதியோ, விடுதலைக்குப்பின் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகத் தொடர்ந்து, 1999ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது.

ஆயினும் ஒன்று மாறவில்லை. கட்டுமானத் தளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்த ஓர் இளைஞர், தம் நிலையைத் தம் மொழியில் விளங்கிக்கொள்ளாமலே கையொப்பமிட்டு விமானம் ஏறுவாராயின், டிரசரின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கப்பலேறிய முதியவருக்கும் அவருக்கும் இடையே நூறாண்டு முன்னேற்றம் என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது. இங்கேயே சிகிச்சை முடித்துச் செல்வதா, ஊரில் உறவினரிடையே தேறுவதா, சென்றால் இழப்பீடு என்னாகும், ஊர் மருத்துவமனையில் ஏற்பவர் யார் ஆகியவற்றை அவர் தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெற வேண்டும். மொழி வளர்ச்சிக்கென நிற்கும் மன்றங்கள் இதைத் தம் பணிக்குப் புறம்பானதாகக் கருதலாகாது. மருத்துவமனைப் படிவங்களை எளிய தமிழில் ஆக்கித் தருவதும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கத் தொண்டர்களைப் பயிற்றுவிப்பதும் நம்மால் இயலும் செயல்களே.

மற்றொரு பணியும் உண்டு. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் வாய்மொழி வரலாறு முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அத்தகைய பதிவுகளில் வந்தவர் கதையே மிகுதி. தந்தையோ பாட்டனோ நோயுடன் கப்பலேற்றி அனுப்பப்பட்டதை அறிந்த முதியோர் நம் குடும்பங்களில் இன்னும் வாழ்கின்றனர். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யார் முடிவு செய்தார், ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்ற நான்கு கேள்விகளை அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். இன்றிரவே ஒருவர் தம் வீட்டில் அதைத் தொடங்குவாராயின், இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.