மருந்து என்னும் சொல்லும் மருந்தின் அளவும்

பெங்களூரின் பிரேசர் டவுன், பழைய கண்டோன்மென்ட் நிலப்பரப்பின் ஒரு பகுதி. 1898-இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், குடியிருப்பு நெரிசலைத் தணிக்கும் பொருட்டு 1906-இல் உருவாக்கப்பட்டது. ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரைத் தாங்கிய இப்பகுதிக்கு இன்றைய அரசுப் பெயர் புலிகேசி நகர். 1809-இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் படையோடும் அதன் பின்னரும் வந்து குடியேறிய தமிழர்கள், தக்கனி உருது பேசுவோர், கன்னடர், தெலுங்கர் என நான்கு மொழியினரும் இங்கே அருகருகே வாழ்ந்து வருகின்றனர். துப்பாக்கியோடு பிறந்த இந்த ஊர்ப்பகுதியின் நான்கு மொழிகளும் ஒரு பொருளுக்குப் பெயரிடுவதில் வியப்பூட்டும் வகையில் உடன்படுகின்றன. அந்தப் பொருள், துப்பாக்கியில் இடப்படும் மருந்து.

தமிழில் ‘மருந்து’ நோயையும் தீர்க்கும், குண்டையும் செலுத்தும். கன்னடத்தின் ‘மத்து’, தெலுங்கின் ‘மந்து’ ஆகியவை நம் ‘மருந்து’ என்பதன் உறவுச் சொற்கள். அவற்றுக்கும் இதே இரு பொருள்கள் உண்டு. தோட்டா, குண்டு முதலியவற்றைக் கன்னடர் ‘மத்துகுண்டு’ என்றும் தெலுங்கர் ‘மந்துகுண்டு’ என்றும் வழங்குவர். பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் ‘தாரு’ இந்திய மொழிகளுக்கு வந்து வெடிமருந்தையும் குறித்தது. மராத்தியில் ‘தாருகோளா’ இன்றும் வழக்கில் உள்ளது. சிங்களத்தில் ‘வெடி பெஹெத்’, மலாயில் ‘உபாட் பெடில்’, வியட்நாமிய மொழியில் ‘துவாக் சுங்’ ஆகிய தொடர்களிலும் மருந்து என்னும் சொல்லே நிற்கிறது. சீனரின் ‘ஹுவோ யாவ்’ என்பதற்கு நேர்ப்பொருள் நெருப்பு மருந்து. நீண்ட ஆயுள் தரும் மருந்தைத் தேடிய சீன இரசவாதிகளே வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கூட்டை ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் அறிந்திருந்தனர் என்பதை நினைத்தால் இப்பெயர் பொருத்தமற்றதன்று.

பிறப்பால் மட்டுமன்றி இயல்பாலும் இப்பெயர் பொருந்தும். மருந்துக்கு இலக்கணம் இரண்டு: ஆளுக்கு ஏற்ற மருந்து, மருந்துக்கு ஏற்ற அளவு. துப்பாக்கி மருந்துக்கும் அதே இரண்டுதான். அளவைச் சொற்களே இதற்குச் சான்று. ஆங்கிலேய மருந்தாளுநர் தராசில் வழங்கிய ‘கிரெயின்’, தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவை. நம் பொற்கொல்லரின் குன்றிமணி போன்றது. இன்றைய கணக்கில் ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். மருத்துவம் மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்டது. தோட்டா நிரப்புவோர் இன்றும் கிரெயினில்தான் நிறுக்கின்றனர்.

வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கிக் காலத்தில், போர்க்களத்தில் நிற்கும் சிப்பாய்க்குத் தராசு கிடையாது. அதற்கு விடையாக வந்தது காகிதத் தோட்டா. ஒரு சுடுதலுக்குரிய மருந்தை அளந்து, குண்டோடு சேர்த்துக் காகிதத்தில் சுருட்டியிருப்பர். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இரும்புக் கோலால் கெட்டிப்பார். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவில் இரண்டரை டிராம், அதாவது சுமார் 68 கிரெயின் கருமருந்து இருந்தது. அத்தோட்டாவில் பூசிய கொழுப்பு 1857-இல் எழுப்பிய கொந்தளிப்பை அனைவரும் அறிவர். ஆனால் காகிதத் தோட்டா ஓர் அளவுப்பொட்டலம் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அளக்கும் பொறுப்பு அதற்குள் சிப்பாயின் கையைவிட்டுப் போயிருந்தது.

பெரிய திருப்பம் 1884-இல் நேர்ந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய், நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையில் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1889-இல் ஆபெல், தேவார் ஆகிய இருவர் பிரிட்டனில் ‘கார்டைட்’ மருந்துக்குக் காப்புரிமை பெற்றனர். கயிறு போன்ற இழைகளாக இருந்தமையால் அதற்கு அப்பெயர். 1888-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் .303 தோட்டா, முதலில் சுமார் 70 கிரெயின் கருமருந்தை அழுத்தி நிரப்பியதாக இருந்தது. சில ஆண்டுகளில் அதே தோட்டாவில் கார்டைட் இடம்பெற்றது. அளவு எவ்வளவு? சுமார் 30 கிரெயின். பாதிக்கும் குறைவான எடை, முன்னிலும் மிகுந்த வேகம். கார்டைட்டின் வெப்பத்தால் லீ-மெட்ஃபோர்டு குழலின் ஆழமற்ற சுருள்வரைகள் விரைவில் தேய்ந்தன. ஆகவே 1895-இல் ஆழமான வரைகளுடன் லீ-என்ஃபீல்டு பிறந்தது. துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து என்ற நிலை மாறி, மருந்துக்கு ஏற்ற துப்பாக்கி என்றாயிற்று.

இம்மாற்றம் தமிழ் நிலத்திலும் ஊன்றியது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீர்மின்சாரம் அதற்குப் பயன்பட்டது. ஊர்ப் பேருந்தில் ‘கார்டைட்’ என்பது இன்றும் ஒரு நிறுத்தத்தின் பெயர் போலவே ஒலிக்கும். அது ஒரு மருந்தின் பெயர் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இங்குதான் சொல் ஆபத்தாகிறது. பொருள் மாறிய பின்னரும் பழைய பெயரும் பழைய அளவும் நிலைத்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த புகையற்ற மருந்துகளுள் சில, கருமருந்தின் கொள்ளளவுக்குச் சமமாகவே அளந்து இடும்படி உருவாக்கப்பட்டவை. பழைய கரண்டியாலேயே அவற்றை அள்ளலாம். வேறு சில செறிவு மிக்கவை. அவற்றை எடையிட்டே தீர வேண்டும். இரண்டும் ‘புகையற்ற மருந்து’ என்ற ஒரே பெயரில் வழங்கின. செறிந்த மருந்தைப் பழைய கரண்டியால் அளந்தவரின் துப்பாக்கிக் குழல் வெடித்தது. வேட்டைத் துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளில் இன்றும் காணப்படும் ‘3 டிராம்’ போன்ற குறிப்பு, உள்ளே இருக்கும் மருந்தின் எடையன்று. அத்தனை டிராம் கருமருந்து தரக்கூடிய வேகத்தைத் தரும் தோட்டா என்பதே அதன் பொருள். அதை எடையென்று வாசிப்பது உயிருக்கு ஊறு.

இந்தியாவின் வெயிலும் இவ்வரலாற்றில் ஒரு பாத்திரம். வெப்பம் கூடினால் கார்டைட் உண்டாக்கும் அழுத்தமும் கூடும். இங்கிலாந்தின் குளிரில் அடங்கிச் சுட்ட தோட்டா, இந்தியக் கோடையில் வெற்றுறை சிக்கிக்கொள்ளும் அளவு அழுத்தம் தந்தது. ஆகவே பிரிட்டிஷ் நிறுவனங்கள் வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களைத் தனியே விற்றன. ஆளுக்கும் காலத்துக்கும் நிலத்துக்கும் ஏற்ப மருந்தின் அளவை மாற்றும் நம் மரபு மருத்துவ அறிவு இங்கே நினைவுக்கு வருவது இயல்பே.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் விளையாட்டு வீரர் பலர் தம் ரைஃபிளுக்குத் தாமே தோட்டா நிரப்புகின்றனர். புதிதாகத் தொடங்குவோர் அங்கே முதலில் கேட்பது, எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே. அவர்களுக்குக் கற்பிக்கப்படும் நெறிகள் மேற்கண்ட வரலாற்றின் சாரம் என்றே சொல்லலாம். மருந்தை நிறத்தாலோ மணியின் வடிவாலோ அடையாளம் காணலாகாது. மூல உறையின் பெயரே சான்று. எந்த மருந்து விரைவாக எரியும், எது மெதுவாக எரியும் என வரிசைப்படுத்தும் பட்டியல் ஒப்பீட்டுக்கு மட்டுமே. அதிலிருந்து அளவைக் கணிக்கக் கூடாது. தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையில், அந்தத் தோட்டாவுக்கும் அந்தக் குண்டு எடைக்கும் உரிய தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். உறையைப் பெருமளவு நிரப்பும் மருந்து தொடக்கநிலையாளருக்கு நல்லது. தவறி இருமுறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். கிரெயினைக் கிராம் என்று மயங்கலாகாது. ஒரு கிராமில் பதினைந்துக்கு மேற்பட்ட கிரெயின்கள் உண்டு. தமிழ் உச்சரிப்பில் இவ்விரு சொற்களும் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் நிலை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இத்தேர்வு இங்கே வீட்டு மேசையில் நிகழ்வதில்லை; தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது. அதனாலேயே இதற்குரிய தமிழ்ச் சொற்களும் வளராமல் நின்றுவிட்டன.

ஒரு சான்று காட்டி முடிக்கிறேன். பிரேசர் டவுனுக்கு அடுத்த அல்சூரில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில், 1912-இல் கேப்டன் மெக்ளின்டாக் முள்வேலித் தடைகளைத் தகர்க்கும் குழாய்க் கருவியை வடிவமைத்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று உலகப் படைகள் அதை அறியும். அதற்குள் இருப்பது தகர்க்கும் பொருள். ரைஃபிள் தோட்டாவில் இருப்பதோ எரிந்து உந்தும் பொருள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் சுடுபவர் மிஞ்சமாட்டார். தமிழில் நாம் இரண்டையும் ‘வெடிமருந்து’ என்றே எழுதுகிறோம். செய்தித்தாளும் பாடநூலும் மொழிபெயர்ப்பாளரும் ‘உந்துமருந்து’, ‘தகர்மருந்து’ என்று பிரித்து வழங்கினால் என்ன? ‘கருமருந்து’, ‘புகையற்ற மருந்து’ என்னும் வேறுபாட்டையும் காக்கலாம். மருந்து என்னும் மூத்த சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. எந்த மருந்து என்று கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டு முதியோர் வழக்கில், துப்பாக்கி மருந்துக்கும் அதன் வகைகளுக்கும் வேறு பெயர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாட்டுத்துப்பாக்கி கண்ட தலைமுறையோடு அச்சொற்களும் மறைந்துவிடும் முன் திரட்டி வைக்க விரும்புகிறேன்.