கையிலிருந்த காலன்

பனிக்காலம் பிறந்தால் வீட்டுக்கு வீடு தும்மல். ஊருக்கு ஊர் இருமல். சோப்பிட்டுக் கையைக் கழுவுங்கள் என்கின்றனர் மருத்துவர். இவ்வளவுதானா என்று நாமும் அலட்சியமாகக் கேட்டுவிட்டு நகர்கிறோம். மூக்கைத் துடைத்த கை கதவின் பிடியைத் தொடுகிறது. அந்தப் பிடியைத் தொட்ட மற்றொரு கை கண்ணைக் கசக்குகிறது. காற்றின் வழியே பரவும் நோய், கையின் வழியேயும் குடிபுகுகிறது! இன்புளுவென்சாக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். சாதாரணச் சளிக்குக் காரணமான கிருமிகளுள் பெரும்பான்மைக்கு அந்த உறை இல்லை. அவற்றைத் தேய்த்துக் கழுவி நீரோடு அனுப்ப வேண்டும். சின்னஞ்சிறு செயல்தான். ஆனால் இதைச் சொன்னதற்காக ஒரு மனிதன் என்ன விலை கொடுத்தான் தெரியுமா?

ஆண்டு 1846. மண்டியிட்டு மன்றாடினர் மங்கையர். முதற் பகுதியில் எங்களைச் சேர்க்காதீர்கள் என்று கைகூப்பிக் கதறினர். சிறைக்கூடத்து வாயிலிலே அல்ல. கலைக்கும் கல்விக்கும் பெயர்பெற்ற வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையிலே, மகப்பேற்று விடுதியிலே!

அந்த விடுதியில் இரண்டு பகுதிகள். ஒருநாள் வருவோர் முதற் பகுதிக்கு, மறுநாள் வருவோர் இரண்டாம் பகுதிக்கு. முதற் பகுதி மருத்துவ மாணவர்களின் பயிற்சிக் களம். இரண்டாம் பகுதி மருத்துவச்சிகளுடையது. வந்தவர்கள் ஏழைகள், மணமாகாத் தாய்மாரும் பலர். இலவச மருத்துவத்துக்கு ஈடாகத் தம் உடலையே பாடநூலாக்கித் தந்தவர்கள். அவ்வாண்டு முதற் பகுதியில் 4,010 பேர் பிள்ளை பெற்றனர். 459 பேர் மாண்டனர். இரண்டாம் பகுதியிலோ 3,754 பேரில் 105 பேர். பேராசிரியர்கள் ஏட்டிலே எழுதிவைத்த கணக்கை, எழுத்தறியா ஏழைப்பெண்கள் உயிரிலே உணர்ந்திருந்தனர். வழியிலே, தெருவோரத்திலே பிள்ளை பெற்றுவிட்டு வந்தவர்களைக்கூடப் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் அவ்வளவாகத் தீண்டவில்லை. தெரு காத்த உயிரை மருத்துவமனை காக்கவில்லை!

காரணம் கேட்டால் கற்றோர் என்ன கூறினர்? காற்றின் கேடு என்றனர், விண்ணின் விளைவு என்றனர், நெருக்கடி என்றனர். அங்கே துணை மருத்துவராக அமர்ந்திருந்த அங்கேரிய இளைஞர் இக்னாஸ் செம்மல்வைஸுக்கு அப்போது வயது 28. அடுத்தடுத்த இரு பகுதிகளுக்கும் ஒரே காற்று, ஒரே வானம். அவ்வாறிருக்க, சாவு மட்டும் ஏன் ஒரு பக்கமே சாய்கிறது? கூட்டமோ இரண்டாம் பகுதியில்தான் மிகுதி.

பாதிரியாரின் மணியோசைதான் காரணமோ என்றும் ஓர் ஐயம். சாகக் கிடப்போருக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலிக்க முதற் பகுதியின் அறைகளைக் கடந்து செல்வார். அந்த ஓசை கேட்ட அச்சமே காய்ச்சலைத் தருகிறதாம்! செம்மல்வைஸ் ஏளனம் செய்யவில்லை, சோதித்தார். மணியின்றி மாற்று வழியே வரும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். அவரும் இசைந்தார். சாவு குறையவில்லை. ஓர் ஐயம் ஒழிந்தது. இதை நம் தோழர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாதிரியார் சொன்னதும் மணியை நிறுத்தினார். பின்னாளில் கையைக் கழுவச் சொன்னபோது முகம் சுளித்தவர்களோ பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள்! மூடநம்பிக்கைக்கு ஒரே உடைதான் உண்டு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொல்லெட்ஷ்கா இறந்தார். பிண ஆய்வின்போது மாணவனின் கத்தி அவர் விரலிலே பட்டது, காயம் நஞ்சானது. அவரது உடலை அறுத்துப் பார்த்தபோது கண்ட அடையாளங்கள், மாண்ட தாய்மாரின் உடல்களில் கண்டவற்றையே ஒத்திருந்தன. உண்மை மின்னலெனப் பளிச்சிட்டது. காலையிலே பிணஅறை, அங்கிருந்து நேரே மகப்பேற்று அறை. பிணத்தை அறுத்த அதே கை பிள்ளை பெறுபவளைச் சோதிக்கிறது! மருத்துவச்சிகளோ பிணஅறைக்குச் செல்வதில்லை. சோப்பிட்டுக் கழுவிய பின்னும் பிணவாடை கையை விட்டு அகலாததைக் கண்டிருந்த செம்மல்வைஸ், மே மாதம் குளோரின் கரைசலில் கையைக் கழுவாமல் எவரும் உள்ளே நுழையலாகாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் மாண்டிருந்தனர். ஜூனில் 2 பேர். அக்டோபரில் ஓர் இடி. கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணை முதலில் சோதித்துவிட்டு, அதே கையோடு அடுத்தவர்களைச் சோதித்தனர். 12 பேரில் 11 பேர் மாண்டனர். பிணம் மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலும் கொல்லும் என்று அறிந்து, ஒவ்வொருவரைச் சோதித்த பின்னும் கழுவச் செய்தார். 1848இல் 3,556 பேரில் இறந்தோர் 45 பேர்தாம்.

மாலை சூட்டினார்களா? இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் புகழ்மிக்க பேராசிரியர் மெய்க்ஸ், மருத்துவர்கள் கண்ணியவான்கள், கண்ணியவான்களின் கை தூய்மையானது என்ற கருத்தினர். பிறப்பாலும் பதவியாலும் தூய்மை வந்துவிடும் என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன! அழுக்கு கையிலே இருந்தது. அவர்கள் மதிப்பைப் பார்த்தனர். ஒப்புக்கொண்டால், தம் கையாலேயே எத்தனை பேரைக் கொன்றோம் என்று எண்ணவேண்டியிருக்குமே! செம்மல்வைஸோ தம்மையும் அக்கணக்கிலே சேர்த்துக்கொண்டவர். பிண ஆய்வில் முனைந்து ஈடுபட்டவர் அவர்.

அவரிடமும் குறை உண்டு. 1861 வரை நூல் எழுதவில்லை. எழுதிய பின் மறுத்தவர்களைக் கொலையாளிகள் என்றே ஏசினார். 1849இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வியன்னாவை விட்டுப் பெஸ்ட் நகருக்குப் போனார். அங்கே புனித ரோக்கஸ் மருத்துவமனையில் ஆறாண்டுகளில் 933 பேற்றில் 8 சாவு. வியன்னா அப்போதும் அசையவில்லை.

1865 ஜூலை இறுதியில் அவரை ஏமாற்றி அழைத்துச் சென்று வியன்னாவின் மனநோய் விடுதியிலே அடைத்தனர். தப்ப முயன்றார், காவலர் அடித்தனர். காயம் சீழ்பிடித்து, குருதி நஞ்சாகி, ஆகஸ்டு 13ஆம் நாள் மாண்டார். வயது 47. அதற்கு முந்திய நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத் துணியை வைத்துக் கட்டியிருந்தார்.

1879இல் பாரிசு மருத்துவக் கழகத்தில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலின் காரணம் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இடைமறித்து எழுந்தார் லூயி பாஸ்டர். கரும்பலகைக்குச் சென்று, கோத்த மணிகளைப் போன்ற வட்டங்களை வரைந்து காட்டினார். அதுதான் கொல்லும் கிருமி என்றார்.