பங்கிலிருந்து பட்டாவுக்கு: வரதய்யபாளைய வட்டாரத்தின் நிலமும் வழியும்

கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் மேற்கே நாகலாபுரம், கம்பாக்கம் மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில், தடாவுக்கு மேற்கே அமைந்துள்ள வரதய்யபாளையம், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இன்று அடங்கியிருப்பினும், தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் அதன் சுற்றுவட்டாரம் தொண்டைமண்டலத்தின் வடவிளிம்பாகவே நெடுங்காலம் விளங்கியது. இந்த எல்லைநிலத்தின் கடந்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றை நோக்கினால், நிலம் என்பது ஊரின் விளைச்சலில் ஒருவர்க்குரிய பங்கு என்ற நிலை மாறி, எண்ணிடப்பட்டு ஒருவர் பெயரில் எழுதப்பட்ட துண்டு என்ற நிலை உருவானதையும், அம்மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் பங்கில்லாதவரே மிகுதியாக இழந்ததையும் காணலாம்.

இவ்வட்டாரத்தில் இருவகை நில ஆட்சிகள் அருகருகே நிலவின. வடமேற்கே காளஹஸ்தி ஜமீன் இருந்தது. வெங்கடகிரி, கார்வேட்டிநகரம், சைதாபுரம் ஆகியவற்றோடு அதற்கும் 1802இல் ஆங்கிலேயக் கம்பெனி நிரந்தர சன்னது வழங்கி, ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் என்னும் கப்பத்தொகையை மாறாததாக வரையறுத்தது. தெற்கே, 1763இல் ஆர்க்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த செங்கற்பட்டுச் சீமை இருந்தது. முன்னதில் குடியானவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் நின்றார். பின்னதிலோ அவ்விடத்தை ஊரே, அதாவது ஊரின் காணியாளர் கூட்டமே, வகித்து வந்தது.

காணியாட்சி என்று தமிழிலும் மிராசு என்று அரசுப் பதிவுகளிலும் வழங்கிய இவ்வுரிமை, குறிப்பிட்ட வயலின்மீது அமைந்த தனியுடைமை அன்று. ஊர் முழுவதையும் இத்தனை பங்கு என்று வகுத்து, அப்பங்குகளைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டு, விற்கவும் அடகு வைக்கவும் இயன்ற கூட்டுரிமை. நிலம் பொதுவில் இருந்த ஊர் பசுங்கரை என்றும், நிலையாகப் பிரித்துக்கொள்ளப்பட்ட ஊர் அறுதிக்கரை என்றும் பெயர் பெற்றன. பொதுநிலத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மறுபடி பங்கிடும் வழக்கம் கரையீடு எனப்பட்டது. ஏரி மடைக்கு அருகிலுள்ள வயலும் கடைமடை வயலும் ஒரே விளைச்சலைத் தருவதில்லையாதலின், நன்மையும் தீமையும் பங்காளிகளிடையே சுழன்று வர இம்முறை வழிசெய்தது. பங்கில்லாமல் உழுதவர்களுள் ஊரிலேயே நிலைத்து வாழ்ந்தவர் உள்குடிப் பாயகாரிகள். அயலூரிலிருந்து வந்து ஓராண்டோ சில ஆண்டுகளோ பயிரிட்டுச் சென்றவர் பரகுடிப் பாயகாரிகள். இவர்கள் எல்லாருக்கும் கீழே, சேரியில் வாழ்ந்த பறையர் முதலிய உழைப்பாளர்கள் தானியக் கூலிக்குக் கட்டுண்ட படியாட்களாக நடத்தப்பட்டனர். அவர்கள் குடிசை நின்ற மனையைக்கூட மிராசுதார் தமதென்று கோரினர்.

1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்ட் செங்கற்பட்டு ஜாகீரில் நடத்திய அளவையும், அதையொட்டி ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகளும் ஊரின் உள்ளமைப்பை விரிவாகக் காட்டுகின்றன. களத்தில் குவிந்த நெல், அரசுக்குரிய மேல்வாரம், குடிகளுக்குரிய குடிவாரம் என்று பிரிவதற்கு முன்பே, கோயில், கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோர்க்குரிய மேரை என்னும் தானியப் பங்கு எடுத்து வைக்கப்பட்டது. சிலருக்கு வரி நீக்கிய மானிய நிலமும் இருந்தது. ஊழியத்துக்குக் கூலி பணமாக அன்றி விளைச்சலின் மீதான உரிமையாக இருந்தமையால், மழை பொய்த்த ஆண்டின் இழப்பையும் நல்லாண்டின் நிறைவையும், சமமாக இல்லாவிடினும், ஊரார் சேர்ந்தே ஏற்றனர்.

இத்தகைய அமைப்பு தொண்டைமண்டலத்துக்கு மட்டும் உரியதன்று. ஜாவாத் தீவின் சிற்றூர்களிலும் அதன் நெருங்கிய இணையைக் காணலாம். அங்குப் பல பகுதிகளில் சாவா எனப்படும் நீர்ப்பாசன நெல்வயல்கள் ஊருக்குப் பொதுவாக இருந்து, உரிமையுள்ள குடும்பங்களிடையே காலமுறைப்படி மறுபங்கீடு செய்யப்பட்டன. ஊர்த்தலைவருக்கு ஊதியத்துக்கு ஈடாக பெங்கோக் என்னும் நிலம், நம் மானியம் போலவே, ஒதுக்கப்பட்டது. வயலுரிமையின்றிப் பிறர் மனையில் ஒண்டிவாழ்ந்த நும்பாங் என்போரும் இருந்தனர். இவ்விரு நாடுகளையும் நேரில் இணைத்தவர் கோலின் மெக்கன்சி. சென்னை மாகாணத்தின் தலைமை அளவையாளராக இருந்த அவர், 1811இல் ஜாவாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படையோடு சென்று, துணைநிலை ஆளுநர் ராஃபிள்ஸின் ஆணைப்படி அங்குள்ள நில உரிமைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தார். முதலில் ஊர்த்தலைவர் வழியாக வரி வாங்கிய ராஃபிள்ஸ், 1814இல் ஒவ்வொரு பயிர்க்குடியையும் தனித்தனியே மதிப்பிட ஆணையிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1816இல், சென்னை ஆட்சியர் எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி விரிவான விடைகளை எழுதி அதன் தொன்மையை நிறுவ முயன்றார். ஊரை நோக்கிய அரசு, ஊருக்குள்ளிருந்த தனி உழவனைத் தேடத் தொடங்கிய காலம் அது.

உழவரிடமே அரசு நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறை வேரூன்றியபின், அளவை எண், பரப்பு, தீர்வை, பெயர் ஆகியவற்றைக் கொண்ட பட்டா, பங்கின் இடத்தைப் பிடித்தது. ஆனால் செங்கற்பட்டில் பழைய உரிமையின் நிழல் அகலவில்லை. தரிசு நிலம் வேண்டி ஒருவர் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் கொடுத்தால், அதைப் பெறுவதில் மிராசுதாருக்கே முன்னுரிமை இருந்தது. இதனால் சேரி மக்கள் நிலம் பெற இயலாத நிலையையும் அவர்களது மனைக்குக்கூட உறுதியில்லாத நிலையையும் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பட்டன. இதற்கிடையில் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் மலையடிவாரத்து மேய்ச்சலையும் விறகையும் அனுமதிக்கு உட்படுத்தியதால், நிலமற்றவர்க்கு எஞ்சியிருந்த பொதுவளமும் குறுகியது.

பயணத்தின் வரலாறும் இதே திசையில் சென்றது. ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் கோயில் வழியுமே ஊர்களை இணைத்த காலத்தில், காளஹஸ்திக்கும் நாகலாபுரத்துக்கும் சுருட்டப்பள்ளிக்கும் மக்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்றனர். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர்ப் பழவேற்காட்டைக் கடந்து வடக்கே நீண்டு, பெரும்பஞ்சத்தின் நிவாரணப் பணிகளால் விரிவுபெற்று, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழி, நெல், உப்பு, விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் ஆகியவற்றைப் படகில் சென்னைக்குக் கொண்டு சேர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கூடூர் வழியாக வடக்கே சென்ற இருப்புப்பாதை தடாவைத் தொட்டபோது, களத்தில் பங்கிடப்பட்ட நெல் சந்தை விலைக்கு உட்பட்ட சரக்காயிற்று. சென்னையில் கூலி தேடவும் வழி திறந்தது.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, எல்லைச் சிக்கலுக்கு நடுவராக அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தால் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடுப் பகுதி ஆந்திரப் பிரதேசத்துக்கும் மாறின. அதன்பின் பட்டாவும் வழக்கும் வேறொரு தலைநகரை நோக்கித் திரும்பின. ஆனால் திருமண உறவும் சந்தையும் மருத்துவமும் சென்னையை நோக்கியே தொடர்ந்தன. ஆந்திரத்தில் 1984இல் கரணம் என்னும் ஊர்க்கணக்கர், முன்சீப் என்னும் ஊர்த்தலைவர் ஆகிய பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1985இல் வட்டங்களின் இடத்தில் மண்டலங்கள் அமைந்தன. ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்று 1977ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் தடுத்திருந்தது. அத்தடையின் தேவை, 2008இல் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளில் ஸ்ரீசிட்டி என்னும் சிறப்புப் பொருளாதார மண்டலம் தொடங்கி நிலத்தின் விலை உயர்ந்த காலத்தில் தெளிவாக விளங்கியது.

பழைய பங்கு முறையை இழந்த பொற்காலமாகக் கருதுவது தவறு. அதன் கூட்டுணர்வு சேரியின் எல்லையில் நின்றுவிட்டது. பட்டாவை விடுதலையாக மட்டும் கருதுவதும் தவறு. கூலிக்கு உழைத்தவரின் உரிமை அந்தத் தாளில் ஏறவில்லை. ஆகவே ஒரு சிற்றூரின் நில வரலாற்றை எழுதுவோர், நிலத்தைப் பெற்றவர்களின் ஆவணங்களோடு நின்றுவிடாமல், மேரை பெற்ற கைவினைஞர், பாயகாரி, படியாள் ஆகியோரின் இடத்தையும் ஒவ்வொரு காலத்திலும் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியே இன்று இவ்வட்டாரத்தில் நிலம் கைமாறும்போது யாருக்கு ஈடு, யாருக்கு வேலை, யாருக்கு மனை என்பதை முறையாகத் தீர்மானிக்கவும் அடிப்படையாக அமையும்.