செலவைச் சொல்லும் விளக்கு

துணி வாங்குகிறவர் கடைக்காரரின் அளவுகோலைக் கண்ணால் காண்கிறார். எண்ணெய் வாங்குகிறவர் படியைக் காண்கிறார். மின்சாரம் வாங்குகிறவரோ, அளப்பதைக் காணாமலே பல நாள் வாங்கிவிட்டு, இறுதியில் கட்டணச் சீட்டை மட்டுமே காண்கிறார். இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதைக் களைய யார் யார் முயன்றனர் என்பதை இன்று சிறிது ஆராய்வோம். மாணவர்கள் பயிலும் வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு சிறிய நீல விளக்கு இதன் நடுவே நிற்கிறது.

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசன் அமைத்த மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒளியைக் கொடுத்தாயிற்று, அதற்கு விலையை எந்தக் கணக்கில் பெறுவது? எடிசன் வேதியியலைத் துணைக்கு அழைத்தார். துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிறைந்த கண்ணாடிச் சாடியில் இரண்டு துத்தநாகத் தகடுகளை நிறுத்தி, வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை அதன் வழியே செலுத்தினார். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரையும், மற்றொன்றில் படியும். எவ்வளவு மின்சாரம் சென்றதோ அவ்வளவுக்கு நேர் விகிதத்தில் படிவும் இருக்கும் என்பது மைக்கேல் ஃபாரடே முன்னரே கண்டறிந்த உண்மை. குறித்த காலத்துக்கு ஒருமுறை நிலையத்தின் ஊழியர் வந்து தகடுகளை எடுத்துச் செல்வார். அவற்றைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்துக் கட்டணம் விதிப்பார்கள்.

குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதிருக்க, அந்தப் பெட்டிக்குள் ஒரு மின்விளக்கும் வைக்கப்பட்டிருந்தது. குளிர் மிகும்போது அது தானே எரிந்து வெப்பம் கொடுக்கும். ஆகவே வீட்டு மின்மானியின் தொடக்க நாளிலேயே அதற்குள் ஒரு விளக்கு இருந்தது எனலாம். ஆனால் அவ்விளக்கு வீட்டுக்காரருக்கு எதையும் சொல்லவில்லை. கரைசலைக் காப்பதே அதன் வேலை. தராசோ விற்பவரின் கையில் இருந்தது. இத்தகைய மானியை வாடிக்கையாளர்கள் விரும்பாததில் வியப்பில்லை.

இக்குறை விரைவில் ஒருவாறு நீங்கியது. 1888-இல் அமெரிக்காவில் ஆலிவர் ஷாலன்பர்கரும், 1889-இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தியும் மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஏற்ற மானிகளை உருவாக்கினர். சுழலும் தட்டும் எண் காட்டும் முகப்பும் கொண்ட மானிகள் பின்னர் உலகெங்கும் பரவின. இப்போது எவரும் எண்ணைப் படிக்கலாம். ஆயினும் அந்த எண், இதுவரை செலவான மொத்தத்தையே கூறும். இந்த நொடியில் எந்தச் சாதனம் எவ்வளவு உண்கிறது என்பதைக் கூறாது. மேலும், பல நாடுகளில் மானியை நிலவறையிலோ மாடிப்படியின் கீழோ பொருத்தி வைத்தார்கள். கணக்கெடுக்க வருபவர் தேடிச் சென்று படிக்கட்டும் என்பதே ஏற்பாடு. பிரிட்டனில் நாணயம் இட்டால் மின்சாரம் தரும் மானிகள் பல வீடுகளில் இருந்தன. இட்ட காசு தீர்ந்ததும் வீடு இருண்டுவிடும். செலவை அறிவிக்க அதுவும் ஒரு வழிதான். ஏழை வீடுகளே அந்த இருளை மிகுதியாக அறிந்திருந்தன.

மின்சாரம் மலிவாகக் கிடைத்த வரையில் அமெரிக்காவில் இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் சிலரே. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்ததும் நிலைமை மாறியது. டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர் அக்காலத்தில் தாம் கேள்விப்பட்ட செய்தி ஒன்றைப் பின்னர் எழுதியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகில் ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட வீடுகளில், சிலவற்றில் மானி நிலவறையிலும் சிலவற்றில் முன் கூடத்திலும் இருந்ததாம். முன் கூடத்தில் மானி இருந்த வீடுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகவே செலவிட்டன என்கிறார். இது செவிவழிச் செய்தி. முறையான ஆய்வாகக் கொள்ள இயலாது.

முறையான ஆய்வு நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ட்வின் ரிவர்ஸ் என்ற புதிய குடியிருப்பு எழுந்தது. ராபர்ட் சோக்கலோ முதலிய பேராசிரியர்கள் 1970-களில் அங்கே பல ஆண்டுகள் ஆய்ந்தனர். ஒரே அமைப்பில் அடுத்தடுத்து நின்ற வீடுகளில் ஒன்றின் எரிபொருள் செலவு மற்றொன்றைப் போல இரு மடங்குக்கும் மேலாக இருக்கக் கண்டனர். சுவர்களை ஆராய்ந்தால் மட்டும் போதாது, உள்ளே வாழ்பவரையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. உளவியல் அறிஞர்கள் அழைக்கப்பட்டனர்.

அவர்களுள் கிளைவ் செலிக்மன், ஜான் டார்லி, லாரன்ஸ் பெக்கர் ஆகிய மூவர் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் நம் நீல விளக்கு தோன்றுகிறது. கோடை மாலைகளில் வெளிக்காற்று குளிர்ந்துவிடும். சன்னலைத் திறந்தாலே போதும். ஆனால் மூடிய வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே வெளி வெப்பத்தை உணரும் கருவி ஒன்றைக் குளிர்சாதனத்தோடு இணைத்து, வீட்டினர் கண்ணில் படும் இடத்தில் ஒரு நீல விளக்கை வைத்தனர். வெளியே வெப்பம் 68 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகும் குளிர்சாதனம் ஓடினால் விளக்கு விட்டுவிட்டு எரியும், நிறுத்தினால்தான் அணையும். இந்த விளக்கு இருந்த வீடுகளில் மின் செலவு ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்விளக்கு ரூபாய் கணக்கையோ டாலர் கணக்கையோ காட்டவில்லை. செலவின் அளவையும் காட்டவில்லை. இப்போது இச்செலவு தேவையற்றது என்பதை, கை விசையருகே இருக்கும் அதே வேளையில் தெரிவித்தது. அதன் வலிமை அதுவே என்று நான் எண்ணுகிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடுகள் சில பத்துகளே என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் எடிசனின் சாடி முதல் இவ்விளக்கு வரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்தன. அந்த நூறு ஆண்டுகளில் செய்யப்பட்ட மானிகள் பெரும்பாலும் விற்பவருக்குக் கணக்குச் சொல்லவே அமைந்தன. இதுவோ வாங்குபவருக்காகவே செய்யப்பட்டது.

அதன் வழித்தோன்றல்கள் பல. மின்சாரம் மிகுதியாகப் பாயும்போது நீல ஒளி வீசும் மின்கம்பி ஒன்றைச் சுவீடன் நாட்டு வடிவமைப்பாளர்கள் 2005-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினர். தெற்குக் கலிபோர்னியாவின் மின் நிறுவனம் ஒன்று, தேவை மிகும் நேரத்தில் நிறம் மாறும் ஒளிக்கோளங்களை வாடிக்கையாளர் சிலருக்கு வழங்கியது. நெருக்கடி நேரச் செலவு 40 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் ஒரு பத்திரிகை எழுதியது. மொத்தச் செலவு அவ்வளவு குறைந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிரிட்டனில் புதிய மானிகளோடு வழங்கப்படும் சிறு காட்சிப் பெட்டிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் செலவின் வேகத்தை அறிவிக்கின்றன.

நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்னணு மானியிலும் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். மானி சரியாக அளக்கிறதா என்று சோதிப்பவருக்காக வைக்கப்பட்டது அது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மானியின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3200 என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் விளக்கு மட்டும் எரிந்தால் அது மணிக்கு 32 முறை, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் மின்னும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டவுடன் நிமிடத்துக்கு 53 முறை மின்னத் தொடங்கும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாதனமாகப் போட்டு எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று நினைத்த பிறகும் அது மின்னிக்கொண்டிருந்தால், எந்தச் சாதனம் விசையில் அணைக்கப்படாமல் இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.